அஞ்சுக்கொண்ணு அண்ணாச்சியின் கலவை ரூம்

சர்பத் வெடித்துவிடும் என்று பயந்து பயந்து கலக்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் என் கடையில் வேலை பார்த்தார். அதை என் கடை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிவகாசியில் மற்ற எல்லோரும் அவர் கடை என்றே சொன்னார்கள். கடைக்குப் பின்னால் இருந்த நாலடிச் சந்துக்குள் செருப்புக் காலோடு போனேன் என்பதற்காக, சம்பளம் கொடுக்கிற என்னையே, கூட்டம் பார்க்க, அரை மணி நேரம் தெருவில் நிறுத்தி வைத்தவர் அவர். நானும் நின்றேன். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கூடவே சிரிப்பும் வந்து தொலைகிறது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் ‘அஞ்சுக்கொண்ணு அண்ணாச்சி’. அஞ்சு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் சிரப். பேருக்குக் காரணம் அவ்வளவுதான். அந்த ஒரு கணக்குக்காக அவர் பட்ட பாடும் எங்களைப் படுத்திய பாடும் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். அதுவரை நான் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராகுகாலம், எமகண்டம், சுபமுகூர்த்தம் எல்லாம் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று வருஷம் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற வேலை. ஊர் உலகத்துக்கெல்லாம் நல்ல நேரம் பார்த்துக் கொடுத்த நான், சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன் என்று மதுரைக்குப் போய் ஒரு பழைய ஸ்லஷ் மெஷினை வாங்கி வந்தேனே, அந்த நாளுக்கு மட்டும் நேரம் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

ஸ்லஷ் என்றால் தெரியுமல்லவா? கண்ணாடித் தொட்டி ஒன்று. அதற்குள் படுத்த வாக்கில் ஒரு குளிர்ந்த உருளை. உருளையைச் சுற்றி ஒரு திருகு சுழன்றுகொண்டே இருக்கும். உள்ளே ஊற்றிய இனிப்புத் தண்ணீர் உருளையில் பட்டு உறைய உறைய, திருகு அதைச் சுரண்டிச் சுரண்டிப் பொடிப் பனியாக ஆக்கிக்கொண்டிருக்கும். என் மெஷினில் தொட்டி இரண்டு. ஒன்றில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை. ஸ்லஷ் என்கிற வார்த்தை எங்கள் ஊர் வாயில் நுழையவில்லை. ‘சுத்துற ஐஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சுற்றியது என்னவோ உண்மை. ஐஸ்தான் ஆகவில்லை. மெஷினோடு வந்த காகிதத்தில் ஒரு பங்கு சிரப், ஐந்து பங்கு தண்ணீர் என்று போட்டிருந்தது. ஐந்து பங்கு தண்ணீரா? எங்கள் பக்கம் ‘அது தண்ணி ஊத்துற கடை’ என்று ஒரு ஆள் சொல்லிவிட்டால் போதும், மறுநாள் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். மானத்தை விட்டுத் தொழில் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பாதிக்குப் பாதி சிரப்பை ஊற்றினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது சிவப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, உறையவே இல்லை. இனிப்பு மிஞ்சினால் உறையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாங்கிக் குடித்த ஒருத்தர் இருமலுக்கு எத்தனை வேளை சாப்பிடணும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரோசம் வந்து மறுநாள் தலைகீழாகச் செய்தேன். தொட்டி நிறையத் தண்ணீரை ஊற்றி, மேலே கொஞ்சூண்டு சிரப்பைக் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் உருளை முழுக்கப் பாறையாக உறைந்து, திருகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். கியரில் இருந்த பல் அத்தனையும் போச்சு. மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். அந்த மாசத்திலேயே மறுபடியும் வந்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மாற்றுத் துணியோடு வந்து இறங்கினார்.

அந்த நேரத்தில்தான் பேச்சியம்மா அக்கா கடைக்கு வந்தார். நான் வேலை பார்த்த அதே பிரஸ்ஸில் பைண்டிங்கில் இருந்தவர். அவர் வீட்டுக்காரர், எம். புதுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வெடிமருந்து கலக்குகிறவர். பட்டாசு கம்பெனியில் எந்த ரூமில் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், மருந்து ரூம் மட்டும் வேண்டாம் என்பார்கள். திரியில் வேலை, பேப்பர் சுற்றுகிற வேலை, பேக்கிங் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். கலவை போடுகிற ரூம் இன்னும் தள்ளி, தனியாக, நாலு பக்கமும் வாசலோடு நிற்கும். எதற்கு நாலு வாசல் என்று கேட்கக் கூடாது. அந்தச் சமயம் ஏதோ ரிப்பேர் வேலை என்று கம்பெனியை ஒரு மாசம் மூடியிருந்தார்கள். புருஷன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாசத்தை விட்டால் தனக்கு வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது.

“தம்பி, எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கலக்குறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. ஒங்களுக்குக் கலக்கத்தான் தெரியல. சேத்துக்கங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “காலைல வேன் ஹாரன் சத்தம் கேட்டா சாமி படத்துக்கு முன்னால போயி நின்னுருவேன். சாயங்காலம் அவுக வேனை விட்டு எறங்குறதைக் கண்ணால பாத்தப்பெறகுதான் உலையே வைப்பேன். பதினெட்டு வருசமா இதே பொழப்பு. இனிமே மருந்து ரூமுக்கு அவுக போகக் கூடாது தம்பி. என்ன கூத்தடிச்சாலும் பொறுத்துக்கங்க. கடையை விட்டு மட்டும் அனுப்பிராதீக.”

சரிக்கா, அது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கூத்து எந்த மாதிரி இருக்கும் என்று முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி வந்தார். ஒல்லி. வெள்ளைக் கதர்ச் சட்டை, நாலு முழ வேட்டி, வெறுங்கால். பட்டாசு ஆட்களுக்கு எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளி நிறம் நகக்கண்ணில் இருந்தது. மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். கேனைத் திறந்து சிரப்பை மோந்தார். கலவை எங்கன போடுறீக என்று கேட்டார். இந்தா, இதுக்குள்ளதான் ஊத்துவேன் என்று மெஷினைக் காட்டினேன். மனிதர் அப்படியே தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கலக்குற எடத்துல அடைக்கக் கூடாது. அடைக்கிற எடத்துல கலக்கக் கூடாது. இதுகூடத் தெரியாம இத்தனை நாள் கை காலோட எப்படி இருந்தீக?”

மருந்து கலக்குகிற இடம் வேறு, அதைப் பட்டாசுக்குள் அடைக்கிற இடம் வேறு. பட்டாசு கம்பெனியின் முதல் பாடம் அது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஸ்லஷ் தொழிலுக்கும் முதல் பாடம் அதுதான். தண்ணீரையும் சிரப்பையும் தனித்தனியாகத் தொட்டியில் ஊற்றினால், சிரப் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெறும் தண்ணீர் உருளையில் ஒட்டிப் பாறையாகிவிடும். வெளியே வேறு பாத்திரத்தில் முழுசாகக் கலந்து, அதற்குப் பிறகே உள்ளே விட வேண்டும். காகிதத்தில் இதுவும் போட்டிருந்தது. நான்தான் புரூப் பார்த்த அலுப்பில் படிக்காமல் விட்டிருந்தேன்.

கடைக்குப் பின்னால் சந்தில் மூன்று பக்கம் தட்டியை அடைத்து, மேலே தகரத்தைப் போட்டார். அதற்குக் கலவை ரூம் என்று பேர். வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். நிலைக்கட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. மருந்து ரூமுக்குள் போகிறவர்கள் உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போகட்டும் என்று தகட்டைத் தொட்டுவிட்டு நுழைவார்கள். இங்கேயும் தொட வேண்டும். செருப்பு கூடாது. நைலான் சட்டை கூடாது. செல்போன் கூடவே கூடாது. இரும்புக் கரண்டி கண்ணிலேயே படக் கூடாது. தேக்குக் கட்டையில் செய்த துடுப்பும் பித்தளைச் சல்லடையும்தான். ‘நாலு பேருக்கு மேல் உள்ளே வரக் கூடாது’ என்று கரியால் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அந்த ரூமுக்குள் அவர் ஒருத்தர் நின்றாலே முழங்கை இரண்டு பக்கமும் தட்டியில் இடிக்கும்.

என்னைத் தெருவில் நிறுத்தி வைத்தது இரண்டாவது வாரம். சிவப்பு தீரப் போகிறது, இன்னும் எத்தனை வாளி இருக்கிறது என்று பார்க்க அவசரத்தில் செருப்போடு உள்ளே காலை வைத்துவிட்டேன். சாதாரண நாளில் என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால்தான் மொதலாளி. “மொதலாளி, வெளிய போயி நில்லுங்க. காத்து மாறட்டும், அப்புறமா கூப்புடுறேன்” என்றார். இது வெறும் சர்பத்துதான் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது என்றேன். ஆகாதுன்னு சொன்னவுக போட்டோவெல்லாம் அந்த அந்த வீட்டுச் செவுத்துல மாலையோட தொங்குது என்று அமைதியாகப் பதில் வந்தது. போய் நின்றேன்.

ஆனால் ஒன்று, அவர் கை வைத்த நாளிலிருந்து மதுரை மெக்கானிக் எங்கள் ஊரையே மறந்துபோனார். பஞ்சு மாதிரி, வாயில் வைத்ததும் கரைகிற மாதிரி, குச்சிமிட்டாய் நிறத்தில் அது மெஷினை விட்டு இறங்கும். மெஷினோடு ஒரு சின்னக் குழாய் வந்திருந்தது. ஒரு சொட்டுக் கலவையை அதன் மேல் விட்டு, கண்ணில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், இனிப்பு எத்தனை என்று ஒரு கோடு காட்டும். பதிமூன்றில் நின்றால் சரியான பதம். அண்ணாச்சி அதைத் தொட்டதே இல்லை. ஒரு சொட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பதிமூணு என்பார். குழாயில் பார்த்தால் பதிமூன்று. ஒரு தடவை அவரைச் சோதிக்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் வாளியில் அரை டம்ளர் தண்ணீரைச் சாய்த்துவிட்டேன். தேய்த்துப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் கொஞ்ச நஞ்சமில்லை.

கத்திரி வெயிலில் இன்னொரு கூத்து. மருந்தை விடிகாலைக் குளிர்ச்சியில்தான் கலக்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் தொடக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அண்ணாச்சியும் காலை ஆறு மணிக்குக் கலக்கி, மண்பானைகளில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி வைத்துவிடுவார். அதுவும் தொழிலுக்கு நல்லதாகவே அமைந்தது. குளிர்ந்த கலவையை ஊற்றினால் மெஷின் சீக்கிரம் பனியாக்கிவிடும். தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விடாமல் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பார். ஆனால் பானை காலியானால் காலிதான். கடை வாசலில், சாத்தூர் ரோட்டில், வரிசை நிற்கும். மூன்று வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். நான் கெஞ்சுவேன். அவர் வானத்தைக் கையால் காட்டி, வெயில்ல கலவை கெடையாது என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். கூட்டம் என்னைத்தான் திட்டிவிட்டுப் போகும். ஆச்சரியம் என்னவென்றால் திட்டினவர்களே மறுநாள் பதினொரு மணிக்கே வந்து வரிசையில் நிற்பார்கள். பட்டாசு ஊரல்லவா, கலவைக்காரன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை.

சாயங்காலம் மிஞ்சியதை வைத்திருக்கவும் கூடாது. கலந்த மருந்து மறுநாள் வரை இருக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். வெயில் காலத்தில் மிஞ்சுவதே அபூர்வம் என்பதால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பின்னால் தெரிந்தது.

ஆவணி மாசம் ஒரு மத்தியானம் அவருடைய பழைய கம்பெனி மேனேஜர் கடைக்கு வந்தார். ஒரு கிளாஸ் பச்சை வாங்கிக் குடித்துவிட்டு, தண்ணி கொஞ்சம் தூக்கலா இருக்கு, சிரப்பைக் கூட்டிப் போட்டா என்னய்யா என்று கேட்டார். அண்ணாச்சி நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம கம்பெனில வெடியுப்பைக் கூட்டிப் போடுன்னு என்னிக்காச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கீகளா சார்?”

“அது மருந்துய்யா.”

“இதுவும் கலவைதான் சார்.”

மேனேஜர் கிளாஸைக் காலி செய்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். தீபாவளி ஆர்டர் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. புது ஆள் போடுகிற கலவையில் பச்சை நிறம் சரியாக வரவில்லை, வெளிறிப்போகிறது. சீசன் முடிகிற வரைக்கும், ரெண்டே மாசம் வந்து கலவை போட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அண்ணாச்சி முகத்தை நான் பார்த்தேன். பச்சை வெளிறுதா என்று கேட்டார். என்ன வெயிலில் காய வைக்கிறார்கள் என்று விசாரித்தார். மறுபடியும் பச்சையா வெளிறுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூலிக்கு மயங்குகிற மனிதராக இருந்தால் நான் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருப்பேன். அவர் மயங்கியது தன் கையை விட்டால் ஆளில்லை என்கிற பேச்சுக்கு. அதற்கு நான் எங்கே போவேன்?

கடைசியில், கடைல கூட்டம் இருக்கு சார், கூட்டம் இருக்கிறவரைக்கும் விட்டுட்டு வர முடியாது என்றார். மேனேஜர் சிரித்தார். மழை வரட்டும், பாப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது. எங்கள் விருதுநகர் ஜில்லாவில் மழைக்கு வழி தெரியாது என்பார்கள். அந்த வருஷம் பார்த்து அதற்கு வழி தெரிந்துவிட்டது. புரட்டாசியிலேயே பிடித்துக்கொண்டது. விடாமல் நசநசவென்று பெய்தது. சுத்துற ஐஸைத் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் இல்லை. அண்ணாச்சி வழக்கம்போல ஆறு மணிக்குத் தகட்டைத் தொட்டு, உள்ளே போய், கலந்து, ஊற்றினார். மெஷின் சுற்றியது. சாயங்காலம் தொட்டியைத் திறந்து, ஒரு சொட்டுக் குறையாமல் அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். மழைத் தண்ணீரோடு சிவப்பும் பச்சையும் தெரு முனை வரைக்கும் ஓடியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. கொட்டிவிட்டு மழையில் நின்று அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலாவது நாள் சாயங்காலம் துடுப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நாளைக்கு வேன்ல போயி அந்தப் பச்சையை மட்டும் என்னன்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

பிரஸ்ஸில் இந்த ‘மட்டும்’ என்கிற வார்த்தையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கொடு என்று ஆரம்பித்தால் வருஷக் காலண்டரே தலையில் வந்து விழும். நனைந்துகொண்டே பைண்டிங்குக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் பேச்சியம்மா அக்கா ஓவென்று அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த பசையைத் துடைத்தார். “கூட்டம் இருந்தா போக மாட்டேன்னுதான சொன்னாக?” என்று கேட்டார். ஆமா என்றேன். “அப்ப சரி. கூட்டத்துக்கு நான் ஆச்சு.”

மறுநாள் காலை ஏழு மணி. மழை. கம்பெனி வேன் தெரு முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அண்ணாச்சி கையில் சோத்து வாளியோடு கடை வாசலில் நிற்கிறார். அந்த நேரம் பைண்டிங் செக்ஷன் மொத்தமும் தெருவில் வந்தது. இருபது இருபத்திரண்டு பெண்கள், காலண்டர் சுற்றுகிற பாலித்தீன் தாளைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில் என் வீட்டுக்காரி. எல்லாருக்கும் முன்னால் பேச்சியம்மா அக்கா. சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு என்று கேட்டார்.

அண்ணாச்சி வரிசையைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். சோத்து வாளியை மெஷின் மேல் வைத்தார். “டிரைவர் தம்பி, நீங்க போங்க. இங்கன ஆளுக நிக்காக” என்று சத்தம் கொடுத்துவிட்டுச் செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் தவம். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு கிளாஸ், சாயங்காலம் திரும்பும்போது ஒரு கிளாஸ். நடுவில் கூட்டம் குறையக் கூடாது என்று நான் தனியாக நாலு கிளாஸ் போடுவேன். பல் கிட்டித்துப்போகும். உதடு ஊதா நிறமாகும். நடுக்கத்தில் கிளாஸ் பல்லில் பட்டு டிக் டிக் என்று அடிக்கும். நல்லா குளுகுளுன்னு இருக்கு அண்ணாச்சி என்று சொல்ல வேண்டும். இன்னொண்ணு தரவா என்பார். குடுங்க என்று சொல்லித் தொலைக்க வேண்டும். சாக்கடையில் சிவப்பும் பச்சையும் ஓடுவது நின்றது. அத்தனையும் எங்கள் வயிற்றுக்குள் ஓடியது.

ஒரு நாள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. மழையில் எதற்கு இம்புட்டுக் கூட்டம் என்று என்னைக் கேட்டார். நான் சட்டென்று, மழைக்காலத்தில் குளிர்ச்சியாகக் குடித்தால் உடம்பு மழைக்குப் பழகிவிடும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று அளந்துவிட்டேன். அப்படியா என்றார். முகத்தில் ஒரு சதை ஆடவில்லை. பாவம், வெள்ளந்தி, நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பு எங்கே பழகியது? பைண்டிங் முழுக்கத் தும்மல். வருகிற வருஷத்துத் தினசரித் தாள் அத்தனையையும் தும்மிக்கொண்டேதான் அடுக்கினார்கள். பிரஸ் முதலாளி ஏதோ நோய் பரவுகிறது என்று வாசலில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். எங்களை யாரும் ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் காப்பாற்றியது பேச்சியம்மா அக்காவின் சுக்கு மல்லிக் காபி. ஐஸைக் குடித்த கையோடு பிரஸ் வாசலுக்குப் போனால், பெரிய தூக்குவாளியில் ஆவி பறக்க வைத்துக்கொண்டு நிற்பார். ஆளுக்கு ஒரு டம்ளர். அவுகளுக்குத் தெரிஞ்சிரக் கூடாது, சீக்கிரம் குடிங்க என்பார். தொண்டையில் இறங்கும்போதே சளி இளகும். காரமும் மணமும் ஒரு நாள் கூட ஒரு இழை கூடினதில்லை, குறைந்ததில்லை. என்ன கைப்பக்குவம் அக்கா என்று ஒரு தடவை வாய் விட்டுச் சொன்னேன். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ‘ம்’ என்றார்.

இப்படியே ஐப்பசியும் வந்தது. தினமும் காலையில் வேன் வரும், ஹாரன் அடிக்கும், பாலித்தீன் வரிசையைப் பார்த்துவிட்டுப் போய்விடும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அதுவும் வரவில்லை. கம்பெனிகளுக்கு லீவு விட்டாச்சு. சீசன் முடிந்தது. அன்றைக்குக் கடைசிக் கிளாஸைக் குடித்துவிட்டு நான் போட்ட தும்மலில் அத்தனை சந்தோஷம் இருந்தது.

தீபாவளி அன்று காலையில் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அதுவரை அவர் வீட்டுக்கு நான் போனதில்லை. மழை விட்டு வெயில் அடித்தது. வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். நிலைக்கட்டையில் செம்புத் தகடு. சரிதான், வீட்டிலும் விடவில்லையா என்று சிரித்துக்கொண்டே படியேறினேன்.

“படியிலயே நில்லுங்க. கலவை ஓடுது.”

நடுவீட்டில் அண்ணாச்சி காக்கிப் பேப்பரை விரித்து, அதன் முன்னால் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வறுத்துப் பொடித்த மல்லி. இன்னொரு பக்கம் சுக்குப் பொடி. டம்ளரைத் தலை தட்டி அளந்தார். மல்லி அஞ்சு டம்ளர். சுக்கு ஒண்ணு. இரண்டையும் பித்தளைச் சல்லடையில் போட்டுச் சலித்தார். பேப்பரின் நாலு முனையையும் மாறி மாறித் தூக்கிப் புரட்டினார். ஒரு சிட்டிகையை எடுத்து விரலில் வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடினார்.

தூக்குவாளிக் காபியின் கைப்பக்குவம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுப்படி வாசலில் நின்ற பேச்சியம்மா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். ரெண்டாம் நாள்லயே கண்டுபிடிச்சிட்டாக தம்பி, ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக என்றார் அக்கா.

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. “கொட்டுற மழைல இருபது பொம்பளைக பல்லைக் கடிச்சுக்கிட்டு ஐஸ் திங்காக. எதுக்குன்னு தெரியாத அளவுக்கா நான் கூமுட்டை?”

அப்படியென்றால் ஏன் வேன் ஏறவில்லை, அந்தப் பச்சை உங்களை அப்படி இழுத்ததே என்று கேட்டேன். சல்லடையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“பதினெட்டு வருசம் கலக்கியிருக்கேன் தம்பி. எந்த ஊர்ல எவுக வெடிச்சாக, பாத்துச் சந்தோசப்பட்டாகளான்னு ஒரு நாளும் கண்டதில்ல. நீங்கள்லாம் என் கண்ணு முன்னாடி நின்னு, எனக்காக நடுங்கிக்கிட்டுக் குடிச்சீக. அதை விட்டுட்டு எங்கன போக? ஒங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிறக் கூடாதேன்னு மட்டும் பாத்துக்கிட்டேன்.”

தெருவில் யாரோ பிள்ளைகள் பச்சை மத்தாப்புக் கொளுத்தினார்கள். அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெளிறித்தான் இருக்கு என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி பொடியைப் புரட்டினார். பகல் வெளிச்சத்தில் எந்தப் பச்சையும் வெளிறித்தான் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பேப்பரை மடித்து, பொடியை டப்பாவில் ஒரு துகள் சிந்தாமல் இறக்கினார். மூடியை அழுத்தி மூடினார். “கலவை முடிஞ்சது. உள்ள வாங்க தம்பி, ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போகலாம்” என்றார்.

செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே தள்ளி வைத்தேன். சட்டைப்பையில் இருந்த செல்போனை எடுத்துச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே செம்புத் தகட்டை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போனேன்.